காத்திருக்கும் பணம்

கார்த்திகை தீபத்தன்று வாசலில் ஏற்றும் பீங்கான் அகல் விளக்குக்கு நாம் காசு கொடுப்பது பெரும்பாலும் அந்த வாரத்தில்தான். செய்தவருக்கோ செலவு ஆனியிலோ ஆடியிலோ தொடங்கிவிடும். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மண் காயாது. அதனால் மழைக்கு முன்பே அச்சில் வார்த்து, காயவைத்து, சூளையில் சுட்டு, வண்ணம் தீட்டிப் பெட்டியில் அடுக்கியாக வேண்டும். நடுவில் உள்ள நாலைந்து மாதங்கள் யாரோ ஒருவருடைய பணம் விளக்காக உருமாறி அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. அது யாருடைய பணம், எவ்வளவு நாள் காத்திருக்கும், காத்திருப்பதற்கு என்ன கேட்கும் என்பதை வைத்துத்தான் அந்த விளக்கைச் செய்தவரின் வருமானம் முடிவாகிறது.

விருத்தாசலத்தைக் கோயிலுக்காகவும் ரயில் சந்திப்புக்காகவும் அறிந்தவர்களே அதிகம். முதுகுன்றம் என்பது பழைய பெயர். மணிமுத்தாற்றங்கரையில் விருத்தகிரீஸ்வரர் கோயில். கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு அது பீங்கான் ஊரும்கூட. 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. நிலக்கரியை எடுக்க மேலே மூடியிருந்த மண்ணை அகற்றியபோது அதில் வெள்ளைக் களிமண்ணும் கிடைத்தது. நெய்வேலிக்குப் பக்கத்தில் வடலூரில் கழிவறைப் பீங்கான் செய்யும் ஆலை வந்தது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே ஓர் அரசு பாலிடெக்னிக்கும் வந்தன. அங்குள்ள சிறு பட்டறைகளில் அகல் விளக்கு, பொம்மை, குவளை, மின்சாரப் பெட்டிக்கான ஃபியூஸ் கேரியர் எல்லாம் செய்கிறார்கள்.

இந்தத் தொழிலுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு குவளைக்காகச் சூளை மூட்ட முடியாது. 1,200 டிகிரிக்குப் பக்கத்தில் வெப்பம் ஏற வேண்டுமென்றால் உள்ளே பத்துப் பொருள் இருந்தாலும் ஆயிரம் இருந்தாலும் எரிபொருள் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே சூளை நிறைய அடுக்கித்தான் சுட வேண்டும். நிறையச் சுட்டால் நிறைய சரக்கு. நிறைய சரக்கு என்றால் நிறைய காத்திருப்பு. நான் வேலை பார்க்கும் மென்பொருள் துறையில் இந்தக் கவலையே கிடையாது. ஒரு நிரலை எழுதியபின் ஆயிரமாவது பிரதி எடுக்கத் தனிச் செலவு ஒன்றும் இல்லை, விற்காத பிரதி எந்த அறையிலும் இடம் அடைப்பதில்லை. சட்டையில் சின்னம் அச்சடித்து விற்கும் தன்னார்வக் குழுக்கள்கூட இப்போது ஆர்டர் வந்தபின் ஒரே ஒரு சட்டையை அச்சடித்து அனுப்பிவிடுகின்றன. சூளை அப்படி இசைந்து கொடுக்காது.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு அறச்சங்கம், கைவேலை செய்பவர்களுக்காக ஒரு கடை வைக்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் எழும் பேச்சு, "நன்கொடை வசூல் பண்ணிடலாம்" என்பதாகத்தான் இருக்கும். நன்கொடை போதுமா என்பதற்குப் பதில் சொல்ல நம்மிடம் 200 வருட அனுபவம் இருக்கிறது.

அணையா அடுப்பு

நன்கொடையால் மட்டுமே நிற்கும் அமைப்புக்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். விருத்தாசலத்துக்குக் கிழக்கே, நெய்வேலியைத் தாண்டினால் வடலூர். 1867 மே 23 அன்று வள்ளலார் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். ஊரார் எண்பது காணி நிலம் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது என்பது நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த செய்தி.

அது எப்படி முடிகிறது? பக்தி ஒரு காரணம். கணக்கிலும் ஒரு காரணம் இருக்கிறது. சோற்றுக்குச் சரக்கிருப்பு கிடையாது. காலையில் வந்த அரிசி மதியம் இலையில் விழுந்துவிடுகிறது. கொடுத்தவருக்குத் தன் மூட்டை என்ன ஆயிற்று என்று அன்றைக்கே தெரியும். நாளைக்கு வேறொருவர் கொடுப்பார். பணம் வந்த வழியே போய்விடுகிறது, எங்கும் தங்குவதில்லை.

கடை இதற்கு நேர் எதிர். கடைக்குக் கொடுத்த பணம் உடனே செலவாகித் தீர்ந்துவிடக் கூடாது. அது சரக்காகி, மறுபடி பணமாகி, மறுபடி சரக்காக வேண்டும். நன்கொடையாளர் ஆறு மாதம் கழித்து வந்து பார்த்தால் அவர் பணம் பெட்டிக்குள் விளக்காகத் தூங்கிக்கொண்டிருக்கும். "கொடுத்த காசை முடக்கிட்டாங்க" என்று அவருக்குத் தோன்றினால் அது நியாயமான தோற்றம்தான். முடங்குவதுதான் அந்தப் பணத்தின் வேலை என்பதை முதலிலேயே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். நம் வணிகர்களிடம் இதற்குப் பழைய சொல் இருக்கிறது: கைமுதல். அறச்சங்கங்களின் ஆண்டறிக்கைகளில் அந்தச் சொல் அபூர்வம்.

நாகர்கோவில் லேஸ்

தமிழ் மண்ணில் ஒரு அறக்குழு பொருள் செய்து விற்றுத் தன் பணியை நடத்திய ஆரம்பகால நிகழ்வுகளில் ஒன்று நாகர்கோவிலில் நடந்தது. அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் 1819-ல் அங்கே வந்தார்கள். மார்த்தா பெண்களுக்கு விடுதிப் பள்ளி நடத்தினார், அதில் லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். மெத்தை போன்ற திண்டு, அதன்மேல் கோலம் வரைந்த தாள், கோலப் புள்ளிகளில் குத்திய ஊசிகள், நூல் சுற்றிய சின்னக் கட்டைகள். கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று மாற்றிப் போட்டுப் போட்டு நூலைப் பின்னுவது. ஒரு முழம் தேறுவதற்குள் கண் பூத்துவிடும்.

வாங்கியவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியக் குடும்பங்கள். இங்கிருந்த அதிகாரிகளின் வீடுகளுக்கும் கடல் கடந்தும் அந்த லேஸ் போனது. விற்ற பணம் பள்ளிக்கும் பின்னிய பெண்களின் கூலிக்கும் ஆனது. இந்தக் கூலி அன்றைக்கு எதற்குப் பயன்பட்டது என்பதுதான் முக்கியம். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-ல்தான். அதற்கு முன்பு லேஸ் பின்னிய பெண்களில் சிலர் அடிமைக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள், தங்கள் கூலியைச் சேர்த்து வைத்துத் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. மார்பை மறைத்துச் சட்டை அணியும் உரிமைக்காக அதே மண்ணில் தோள்சீலைப் போராட்டம் நடந்த காலமும் அதுதான். அது 1859-ல் அரச அறிவிப்போடு ஓரளவு முடிவுக்கு வந்தது. உடுத்துவதற்கே உரிமை மறுக்கப்பட்ட பெண்கள் பிறர் உடுப்புக்கு ஓரம் பின்னிச் சம்பாதித்தார்கள்.

இதில் முதல் எங்கிருந்து வந்தது? நூல் முன்கூட்டியே வேண்டும். கூலியையும் லேஸ் விற்கும்வரை நிறுத்திவைக்க முடியாது. விற்ற காசு கப்பலில் போய் வர மாதக்கணக்காகும். அவ்வளவு நாள் தாக்குப்பிடிக்க ஒரு பின்பலம் தேவை. அது மிஷனுக்கு இருந்தது, பிரிட்டனில் உள்ள சபையார் கொடுத்த சந்தாவால் நின்ற அமைப்பு அது. நன்கொடை அங்கே நேராகச் சோறாகவோ துணியாகவோ போகவில்லை. காத்திருக்கும் வேலையைச் செய்தது. அந்தக் காத்திருப்பை ஒரு வட்டிக்கடைக்காரர் செய்திருந்தால் கூலியிலிருந்துதான் அதற்கு விலை பிடித்திருப்பார். விடுதலைக்குச் சேர்த்துவைக்க மிச்சம் இருந்திருக்குமா?

இந்த ஏற்பாட்டில் பலவீனமும் உண்டு. வாங்குபவர் வெகுதூரத்தில் இருந்தார், இவர்களின் வாழ்க்கைக்கு வெளியே இருந்தார். அங்கே மோஸ்தர் மாறினால் இங்கே கட்டைகள் நின்றுவிடும். இயந்திர லேஸும் அதே நூற்றாண்டில்தான் பெருகி விலையை இறக்கிக்கொண்டிருந்தது. செய்கிறவர்களின் தெருவிலேயே வாங்குகிறவர்களும் இருக்கும் ஒரு கடையை நம் ஊரில் பெரிய அளவில் முயன்றது, நூறு வருடம் கழித்து, கதர் இயக்கம்.

ஒரு கோடி ரூபாயும் ஆயிரம் கஜம் நூலும்

1925 பிப்ரவரி 6 அன்று ராஜாஜி திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். சேலத்தில் நன்றாக நடந்துகொண்டிருந்த வக்கீல் தொழிலை முன்பே விட்டுவிட்டவர் அவர். நிலம் உள்ளூர் ஜமீன்தார் கொடுத்தது. மழை பொய்த்துப்போன வறண்ட வட்டாரம். வயலில் வேலை இல்லாத பெண்களுக்கு ராட்டை கொஞ்சம் காசு கொடுத்தது. ஆசிரமத்தில் தாழ்த்தப்பட்ட சமூகத்தவரையும் சேர்த்துக்கொண்டதால் சுற்றுவட்டாரத்தில் எதிர்ப்பும் இருந்தது. மதுவிலக்குப் பிரச்சாரத்துக்காக அங்கிருந்து வந்த 'விமோசனம்' பத்திரிகையில் கல்கி வேலை பார்த்தார். இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை.

அதிகம் பேசப்படாதது அதன் தினசரி வியாபாரம். கதரை அரசியல் சின்னமாக நினைத்துப் பழகியதால் அது ஒரு சரக்கு என்பது நமக்கு மறந்துவிடுகிறது. பஞ்சை மொத்தமாக வாங்க வேண்டும். நூற்பவர்களிடம் கொடுக்க வேண்டும். நூலாகத் திரும்பி வரும்போது கையில் காசு தர வேண்டும், ஏனென்றால் அன்றைக்கு உலை வைக்கத்தான் அவர் நூற்றார். நூலை நெசவாளரிடம் கொடுத்துத் துணி வாங்கும்போது அங்கேயும் கூலி. பிறகு சலவை, சாயம். அதற்குப் பிறகுதான் கடை. வாங்குபவர் ஒருவர் உள்ளே வந்து ஒரு வேட்டியைப் பிரித்துப் பார்ப்பதற்குள் நாலு இடத்தில் பணம் கொடுத்தாகிவிட்டது. தெருவில் மில் துணி மலிவாகக் கிடைக்கிறது. அந்த வேட்டி எப்போது விற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆசிரமங்களால் தனித்தனியே இதைத் தாங்க முடியாது. அவற்றுக்குப் பின்னால் நாடு தழுவிய ஒரு முதல் இருந்தது. திலகர் சுயராஜ்ய நிதிக்கு 1921 ஜூன் 30-க்குள் ஒரு கோடி ரூபாய் என்று காங்கிரஸ் இலக்கு வைத்து எட்டியது. அதில் ஒரு பகுதி கதருக்குப் போனது. 1925 செப்டம்பரில் பாட்னாவில் அகில இந்திய சர்க்கா சங்கம் அமைக்கப்பட்டது. காங்கிரசின் கதர் வாரியத்திடம் இருந்த பணமும் சரக்கும் அதன் கைக்கு வந்தன. கட்சி அரசியலின் ஏற்ற இறக்கம் கதர்ப் பணத்தைத் தொடக் கூடாது என்பதற்காகவே அது தன்னாட்சி பெற்ற சங்கமாக இருந்தது. இந்த ஏற்பாட்டை நான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். கைமுதலைக் கூட்டச் செலவுக்கோ தேர்தல் செலவுக்கோ எடுக்க முடியாதபடி தனிப் பெட்டியில் பூட்டியாயிற்று.

சங்கத்தின் உறுப்பினர் சந்தா இன்னும் சுவாரஸ்யமானது. முதல் வகுப்பு உறுப்பினர் மாதம் 1,000 கஜம் நூலைத் தன் கையால் நூற்றுக் கொடுக்க வேண்டும். இரண்டாம் வகுப்பினருக்கு வருடத்துக்கு 2,000 கஜம். ரூபாயாகக் கொடுத்துவிட்டுப் போக முடியாது. சந்தாவே சரக்கு. நன்கொடையாளர் நூற்பவரின் தோள்வலியைக் கொஞ்சமாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. கைமுதலை மூலப்பொருளாகவே திரட்டும் வழியாகவும் அது இருந்தது.

சந்தா மட்டும் போதவில்லை. சித்தரஞ்சன் தாஸ் 1925-ல் இறந்தபின் அவர் நினைவாகத் திரட்டிய அகில இந்திய நிதியும் கதருக்கென்றே ஒதுக்கப்பட்டது. 1927-ல் காந்தி தென்னிந்தியாவில் கதருக்கு நிதி திரட்டிக்கொண்டே ஊர் ஊராகச் சுற்றினார். செட்டிநாட்டுக்கும் போனார். கூட்டங்களில் பண முடிப்பு கொடுப்பார்கள், பெண்கள் வளையலைக் கழற்றித் தருவார்கள், வந்த பரிசுகளை அங்கேயே ஏலம் விடுவார். வட்டித் தொழிலின் நுணுக்கம் அறிந்த நகரத்தார் ஊர்களில் வட்டி கேட்காத முதலுக்காக ஒருவர் கையேந்தி நின்றது நினைத்துப் பார்க்க வேண்டிய காட்சி.

இன்னொரு வகை முதலும் இருந்தது. அது கணக்கேட்டில் வராது. 1920-களின் தொடக்கத்தில் ஈ.வெ. ராமசாமி கதர் மூட்டையைத் தோளில் சுமந்து ஊர் ஊராக விற்றார். ஈரோட்டில் பெரிய வணிகக் குடும்பத்துப் பிள்ளை, நகராட்சித் தலைவராக இருந்தவர். அவர் போன்றவர்கள் சம்பளம் வாங்காமல் விற்றதால் கடை வாடகையும் விற்பனையாளர் கூலியும் துணி விலையில் ஏறாமல் இருந்தது. இயக்கத்தின் சூடு இருக்கும்வரை இந்த முதல் கிடைக்கும். 1925 கடைசியில் காஞ்சிபுரம் மாநாட்டோடு அவர் காங்கிரசை விட்டே விலகிவிட்டார். தன்னார்வலரின் தோளை நிரந்தரச் சொத்தாகக் கணக்கில் எழுதக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

எட்டணா

கதர்க் கடைக்குள் மெதுவாக ஒரு சங்கடம் வளர்ந்தது. மில் துணியோடு போட்டி போட வேண்டும் என்று விலையைக் குறைத்துக்கொண்டே போனார்கள். எந்தச் செலவைக் குறைப்பது? பஞ்சு விலை சந்தையில் நிர்ணயமாகிறது. கடை வாடகை குறையாது. கடைசியில் வரிசையின் கடைக்கோடியில் இருந்த நூற்கும் பெண்ணின் கூலிதான் அடிமட்டத்தில் கிடந்தது. நாள் முழுக்க நூற்றாலும் ஓரிரு அணா. ஏழைக்காக என்று தொடங்கிய கடை, வாங்குபவருக்கு மலிவாகக் கொடுப்பதற்காக அந்த ஏழையிடமே தள்ளுபடி வாங்கிக்கொண்டிருந்தது.

1935-ல் காந்தி இதை வெளிப்படையாக எழுப்பினார். எட்டு மணி நேர நூற்புக்கு எட்டணா கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. சங்கத்துக்குள் பதற்றம். விலை ஏறினால் விற்பனை விழும், விற்பனை விழுந்தால் நூற்பவர் தொகையையே குறைக்க வேண்டிவரும் என்றார்கள். அவர்கள் சொன்னது தப்பில்லை. எட்டணா நடைமுறைக்கு வரவில்லை. அதற்குக் கீழான, ஆனால் முன்பைவிட உயர்ந்த ஒரு குறைந்தபட்சக் கூலியை நோக்கிப் போவதென்று முடிவாயிற்று. நூற்பவர்களும் கதர் உடுத்த வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. கதர் விலை உயர்ந்தது, சங்கடமும் தொடர்ந்தது.

இந்தத் தகராறு தீர்ந்துவிட்டதாக யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். ஒவ்வொரு அறக்கடையிலும் அது தினமும் நடக்கிறது. சங்கத்தின் பணிக்கு உபரி வேண்டும், செய்பவருக்குக் கூலி வேண்டும், வாங்குபவருக்குக் கட்டுபடியாகும் விலை வேண்டும். மூன்றையும் ஒரே விளக்கின் விலையிலிருந்து எடுக்க வேண்டும். முதலுக்கு வட்டியும் கட்ட வேண்டியிருந்தால் நாலாவதாக ஒரு கையும் அதே விலைக்குள் நீள்கிறது. வட்டியில்லாத முதல் கிடைத்தால் அந்த ஒரு கை விலகும். மீதி மூன்றுக்கும் பஞ்சாயத்து செய்யக் கொஞ்சம் இடம் கிடைக்கும். அறப்பணத்தால் செய்ய முடிகிற ஆகப் பெரிய உதவி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு காத்திருக்கும் வேலை பெருமளவு அரசாங்கத்தின் கைக்குப் போனது. 1956-ல் காதி கிராமத் தொழில் ஆணையச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் சர்வோதய சங்கங்கள் ஊருக்கு ஊர் கடை நடத்தின. காந்தி ஜெயந்தித் தள்ளுபடி நம் குடும்பங்களின் நாட்காட்டியிலேயே ஏறிவிட்டது. அப்பாக்கள் அந்த மாதத்துக்காகக் காத்திருந்து போர்வை வாங்கினார்கள். தள்ளுபடி தரும் சங்கத்துக்கு அந்தத் தொகையை அரசு பிறகு ஈடுகட்டும். இந்தப் 'பிறகு' என்ற சொல்லில்தான் எல்லாச் சிக்கலும் இருந்தது. அரசுப் பணம் தாமதித்தால் நெசவாளருக்குக் கொடுக்க வேண்டியது தாமதிக்கும். வாங்குபவரும் தள்ளுபடி மாதத்தில் மட்டும் வரப் பழகிவிட்டால் மீதி மாதங்களில் சரக்கு தூங்கும். வட்டி இல்லாத பணம்கூட நேரத்துக்கு வராவிட்டால் கடனைப் போலவே கழுத்தைப் பிடிக்கும்.

சரக்குக்குக் காசு கொடுக்காத கடை

இதையெல்லாம் முழுதாகத் தவிர்த்த ஒரு வழி இங்கிலாந்தில் பிறந்தது. 1942-ல் ஆக்ஸ்போர்டில், போரில் பட்டினி கிடந்த கிரேக்கர்களுக்கு உதவ ஒரு குழு அமைந்தது. பின்னாளில் ஆக்ஸ்ஃபாம் என்று பெயர் பெற்ற அமைப்பு அது. 1940-களின் கடைசியில் அந்நகரின் பிராட் தெருவில் அவர்கள் ஒரு கடை திறந்தார்கள். விற்றது மக்கள் தானமாகக் கொடுத்த பழைய உடுப்பு, பாத்திரம், புத்தகம். சரக்குக்கு முதலே போடவில்லை. விற்காமல் கிடந்தாலும் முடங்குவதற்குப் பணம் எதுவும் இல்லை. அலமாரியில் இடம்தான் போகும். உலகெங்கும் பரவிய அறக்கடைகளின் மாதிரி அதுதான்.

மிகக் கெட்டிக்காரத்தனமான வழி. ஆனால் அந்தக் கடையில் செய்பவர் என்று யாரும் இல்லை. நாகர்கோவில் பெண்ணுக்கும் திருச்செங்கோட்டுப் பெண்ணுக்கும் அங்கே வேலை கிடையாது. விற்ற பணம் வேறெங்கோ உள்ள ஏழைக்குப் போகும். ஆக்ஸ்ஃபாமே 1960-களில் ஏழை நாட்டுக் கைவினைஞர்களிடம் பொருள் வாங்கி விற்கத் தொடங்கியது. அப்போது அதுவும் சரக்குக்கு முன்பணம் போடும் உலகத்துக்குள் வந்துவிட்டது.

நமக்குப் பக்கத்தில் மூன்றாவது மாதிரி ஒன்று இருக்கிறது. 1968-ல் தொடங்கிய ஆரோவில்லில் ஊதுபத்தி, துணி, மட்பாண்டம் செய்யும் தொழிற்பிரிவுகள் தங்கள் லாபத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சமூகப் பொதுநிதிக்குக் கொடுக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் அரவிந்தர் ஆசிரமத்தின் ஆதரவில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பட்டறையிலிருந்து பயின்று வெளியேறியவர்களால் அந்தக் கரையோரத்தில் உயர்வெப்ப மட்பாண்டக் கலை பரவியது. அங்கே விலை அதிகம். வாங்குபவர் கலைப்பொருளாக வாங்குகிறார், சுற்றுலா வருகிறவர் நினைவுப் பொருளாக வாங்குகிறார். இந்த இரண்டு கூட்டமும் விருத்தாசலம் சந்திப்பில் ரயில் மாறிப் போகிறதே தவிர அங்கே இறங்குவதில்லை. ஒரே மாவட்டத்துக்கு அக்கம்பக்கமாக, ஒரே மாதிரி சூளைதான். ஒரு குவளைக்கு இங்கே கிடைக்கும் விலை வேறு, அங்கே கிடைக்கும் விலை வேறு.

ஒரு சூளைக் கணக்கு

இனி விருத்தாசலத்தில் வைக்க நினைக்கும் கடைக்கு வருவோம். எண்கள் நானே வைத்துக்கொண்டவை, கணக்கு புரிவதற்காக மட்டும். ஒரு விளக்குக்கு 10 ரூபாய் செலவில் 10,000 விளக்கு செய்கிறார்கள். மொத்தம் 1,00,000 ரூபாய். சூளையில் வெடித்தது, கோணியது என்று 1,000 போய்விடுகிறது. மீதி 9,000-ல் கார்த்திகைக்குள் 7,500 விளக்கு தலா 14 ரூபாய்க்கு விற்கிறது. வரவு 1,05,000. முதலை மாதம் 2 வட்டிக்கு ஆறு மாதம் வாங்கியிருந்தால் வட்டி 12,000. ஆக, 7,000 ரூபாய் கையைக் கடிக்கிறது. அதே முதல் வட்டியில்லாமல் வந்திருந்தால் 5,000 ரூபாய் கையில் நிற்கும். இரண்டு வகையிலும் 1,500 விளக்கு பெட்டியில் இருக்கிறது. அது அழுகாது, அடுத்த கார்த்திகைக்கும் எரியும். ஆனால் அதுவரை அதற்குள் 15,000 ரூபாய் மாட்டிக்கொண்டிருக்கிறது.

உழைப்பு, தரம், வாங்குபவர் எண்ணிக்கை எதுவுமே மாறவில்லை. மாறியது காத்திருந்த பணத்தின் குணம் மட்டும். அதுவே கடை நிற்குமா மூடுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

இதை வைத்துப் பார்த்தால், பழைய அனுபவங்களிலிருந்து எடுத்துக்கொள்ள நாலு விஷயம் இருக்கிறது. ஒன்று, சர்க்கா சங்கம் செய்ததைப்போல, கைமுதலைத் தனிப் பெட்டியில் வைப்பது. விழாச் செலவுக்கும் அவசர உதவிக்கும் அதைத் தொடக் கூடாது. அவசர உதவி எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் சரி, அதற்கு வடலூர் வழியில் தனியாகத் திரட்ட வேண்டும். இரண்டு, நூல் சந்தாவைப்போல ஒரு முன்பதிவு. ஆடியிலேயே காசு கட்டிக் கார்த்திகைக்கு விளக்கு வாங்கிக்கொள்ளும் ஐந்நூறு குடும்பம் கிடைத்தால் சூளையின் ஒரு பகுதி விற்பனை ஆனபின்தான் சுடப்படுகிறது. சீட்டுக் கட்டிப் பொங்கல் பாத்திரமும் தீபாவளிப் பலகாரமும் வாங்கிய ஊர்தானே இது. இதைப் புரியவைக்கப் பெரிய விளக்கம் தேவைப்படாது.

மூன்று, விற்காத சரக்கு யார் தலையில் என்பதை முதல் நாளே எழுதிவைப்பது. விற்றபின் காசு தருகிறோம் என்று பட்டறைக்காரரிடம் விளக்கை வாங்கி அடுக்கினால், அலமாரி கடையுடையது, முதல் பட்டறைக்காரருடையது. அதாவது காத்திருப்பவர், காத்திருக்க வசதியே இல்லாதவர். அறக்கடை என்ற பெயரில் இது நடந்தால் வெளியே தெரிவதுகூட இல்லை, ஏனென்றால் கடையின் கணக்கில் நஷ்டமே இருக்காது. நாலு, கூலி. 1935-ன் தகராறை ஒத்திப்போடாமல், விலை போடும்போதே கூலியை முதலில் எழுதி, அதன்மேல் மற்றவற்றைக் கூட்டிக்கொண்டு வருவது.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. வருமான வரிச் சட்டத்தில் பொதுநலப் பணி என்ற பொதுவான வகையில் வரும் அறக்கட்டளைக்கு வணிக வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2015-லிருந்து ஒரு வரம்பு இருக்கிறது. விளக்கு வாங்கியவருக்கு நன்கொடை ரசீதும் போட முடியாது, அவர் வாங்கியது பொருள். கடை நன்றாக ஓடினால் அதைக் கூட்டுறவுச் சங்கமாகவோ தனி நிறுவனமாகவோ பிரிப்பது பற்றி ஒரு நல்ல ஆடிட்டரிடம் ஆரம்பத்திலேயே பேசிவிடுவது உத்தமம். 1935-ல் சென்னை மாகாணத்து நெசவாளர்கள் கூட்டுறவு வழியைத்தான் எடுத்தார்கள். கோ-ஆப்டெக்ஸ் அப்படி வந்ததுதான்.

வடலூரில் ஒரு மூட்டை அரிசி கொடுப்பவருக்குப் புண்ணியம் அன்று மதியமே தெரிந்துவிடும். கடைக்குப் பணம் கொடுப்பவரிடம் கேட்பது வேறு. தீபம் முடிந்த மறுவாரம், தெருவில் விளக்கு கேட்பார் யாரும் இல்லாத நாளில், பெட்டியில் மிச்சமுள்ள 1,500 விளக்கை எண்ணிப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று அவரால் சொல்ல முடிய வேண்டும். அப்படிச் சொல்லக்கூடிய பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு சூளை மூட்டலாம்.